எங்க வாசிச்சனி?
(அல் கூஸில் நடந்த புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பல்கலைக்கழக நூலகமொன்றில் வேலை செய்தவன். புத்தகம் எடுத்துக் கொடுப்பதுதானே உங்கட வேலை என்பார்கள். அது பாதிதான். கம்பசுக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்குத் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் படிப்பிப்பது மற்றப் பாதி. கேட்கச் சொல்லுவது மூன்று கேள்விகள்: யார் எழுதினது? எப்ப எழுதினது? அவருக்கு எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 என்பார் ஒருவர்; யூன் 1 என்பார் இன்னொருவர். நல்ல மாணவன் அந்த நாட்களின் பத்திரிகைகளையும், கண்டவர்கள் எழுதியதையும் எடுத்து ஒப்பிடுவான். நாங்கள் கவனமில்லாமல் சொன்னால், எரித்ததையே மறுப்பவனுக்கு அது வசதி.

அன்று சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. இன்று பழைய ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். இந்த அல் கூஸ் அறைகளில் இருந்தபடியே கைபேசியில் திறக்கலாம்.

இது படிப்புக்கு மட்டுமில்லை. காசு கட்டினால் கனடா விசா என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தாலும் இதே மூன்று கேள்விகள்தான். கேட்காமல் கட்டின காசு திரும்பி வராது.

பெற்றோர்களே, பிள்ளை எத்தனை மார்க்ஸ் எடுத்தது என்று கேட்கிறீர்கள். இந்த வருடம், "இதை எங்க வாசிச்சனி?" என்றும் கேளுங்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.