கடைசி நாள்களிலும் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்." இந்தச் சொல்லைக் கேட்டு ஒடிந்துபோன குடும்பங்கள் நம்மிடையே பல. தோட்டத்து லயமானாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் துயரம் ஒன்றுதான். நோயைக் குணப்படுத்த வழியில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால், நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே இன்று நாம் எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் இருந்தார். முதலில் தாதியாகவும், அடுத்து மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் பணியாற்றியவர், பின்னர் மருத்துவம் பயின்று மருத்துவரானார். 1967ஆம் ஆண்டில் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்னும் இல்லத்தைத் திறந்தார். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உடல் மட்டுமா வலிக்கிறது? மனம் வலிக்கிறது, பிள்ளைகளைப் பற்றிய கவலை வலிக்கிறது, வாழ்ந்த வாழ்வுக்குப் பொருள் என்ன என்ற கேள்வியும் வலிக்கிறது. இவை அனைத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

அவ்வழியில், 1991ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா தொடங்கப்பட்டது. அதன் தாதியரும் மருத்துவரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடு தேடிச் சென்று, கட்டணம் வாங்காமல் பராமரிக்கின்றனர். அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. மற்ற ஊர்களில் இருப்போர், "வலியைத் தணிக்கும் பராமரிப்பு எங்கே கிடைக்கும்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இங்கே ஓர் அச்சத்தைப் போக்க வேண்டும். மார்ஃபின் என்றதும், "அது கடைசி மருந்து; கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார்" என்று நாம் நடுங்குகிறோம். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குடிப்பதில்லை, வலியைத்தான் குறைக்கிறது. புற்றுநோய் வலிக்கு மருந்தை முடிந்தவரை வாய்வழியாகவும், குறித்த நேரப்படியும் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. வலி வந்து துடித்த பிறகு கொடுப்பதைவிட, வருமுன் கொடுப்பதே நன்று. இம்மருந்தால் மலச்சிக்கல் உண்டாகும். ஆகவே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடியவை. படுக்கைப் புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்கலாம். உலர்ந்த வாயை ஈரப் பஞ்சால் துடைக்கலாம். மூச்சுத் திணறினால் தலையணைகளை அண்டை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்து, முகத்தில் மெல்லிய காற்றுப் படும்படி விசிறலாம். பசியற்றுப் போனவருக்குக் கஞ்சியை வலிந்து புகட்ட வேண்டாம். உடல் ஓயும்போது பசியும் ஓயும். உண்ணாததால் நாம் அன்பில் குறைந்தவர்கள் ஆகிவிட மாட்டோம்.

இவை யாவற்றிலும் பெரியது ஒன்றுண்டு. குடும்பத்தையே தாங்கிய பாட்டி படுத்ததும், அவரைக் குழந்தையாக்கி விடுகிறோம். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே, அவர் இல்லாதது போல் அவரைப் பற்றிப் பேசுகிறோம். அப்படியின்றி, "பாட்டி, உடம்பு துடைக்கட்டுமா? இந்தப் பக்கம் திருப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவோம். உடை மாற்றும்போது திரைச்சீலையை இழுத்து விடுவோம்.

உண்மையையும் அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று எல்லாரும் நடித்தால், தம் அச்சத்தைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லாமற் போகிறது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டு, அவ்வளவைப் பரிவுடன் சொல்லலாம். அப்போதுதான் கொடுக்கல் வாங்கலை முடிக்கவும், பேசாதிருந்த தம்பியை அழைத்துவரச் சொல்லவும், எங்கே கண்மூட விரும்புகிறார் என்று தெரிவிக்கவும் அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

நேயர்களே! இறந்த பின் மாலையும் மேளமுமாக மரியாதை செய்யத் தெரிந்தவர்கள் நாம். அந்த மரியாதையில் ஒரு பங்கை, அவர் கண் திறந்து பார்க்கும்போதே கொடுப்போமாக.