எந்த வெளிச்சத்தில் பார்த்தார்?

தாராபுரத்தில் ஆடை வடிவமைப்பு படித்துப் பட்டம் வாங்க வந்திருக்கும் உங்களிடம் வாழ்க்கைத் தத்துவம் பேச எனக்கு வராது. சரக்கு வாங்கும் பையரைப் பற்றிப் பேசுகிறேன்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். 1985இல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2022-23இல் 34,000 கோடியைத் தாண்டியது. அவ்வளவும் எளிதில் திருப்தியடையாத ஆட்களைச் சமாளித்துச் சமாளித்துச் சேர்த்த காசு.

நான் மெர்ச்சண்டைசர் பயிற்சியில் இருந்தபோது ஒரு ஐரோப்பிய பையர் வாய்த்தார். குழந்தைகள் டி-சர்ட்டுக்குச் சாம்பல் கலந்த பச்சை கேட்டிருந்தார். சாயம் போட்ட மாதிரித் துண்டை, அதாவது லேப் டிப்பை, அனுப்பினால் "சிவப்பு அதிகம்" என்று திரும்பி வரும். மறுபடி அனுப்பினாலும் அதே பதில். பச்சையில் ஏது சிவப்பு? நிறம் ஒப்பிடும் எங்கள் லைட் பாக்ஸில் வைத்தால் அவர் கொடுத்த துண்டும் எங்கள் துண்டும் அச்சு அசல் ஒன்றுதான். "ஏனுங் தம்பி, அந்தாளுக்குக் கண்ணு கிண்ணு கோளாறுங்களா?" என்றார் டையிங் மாஸ்டர். சொல்லிவிட்டு அவரே லைட் பாக்ஸ் பட்டனை மாற்றி அழுத்தினார். டி65 என்ற பகல் வெளிச்சம் போய் டிஎல்84 எரிந்தது. அன்றைய ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு வெளிச்சம் அது. பையர் துண்டு பச்சையாகவே இருக்க, எங்களுடையது லேசாகச் செம்மண் பூசிக்கொண்டது.

ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவதை மெட்டமெரிசம் என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். அன்றைக்கு அது எங்கள் மேசைமேல் கிடந்தது. சாயத்தைக் கிராம் கணக்கில் கூட்டிக் குறைத்துப் பிரயோஜனமில்லை என்று மாஸ்டர் சாயக் கூட்டில் ஒரு சாயத்தையே மாற்றினார். அப்ரூவல் வந்தது.

பையர் "பிடிக்கவில்லை" என்றால் உங்கள் ரசனையை நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். எங்கே வைத்துப் பார்த்தார், எந்த வெளிச்சத்தில், எதோடு சேர்த்து என்று கேளுங்கள். எனக்கே இது முதலில் உறைக்கவில்லை. நான் படித்த காலத்தில், ராத்திரி கண்விழித்து வரைந்த குழந்தைச் சட்டையைப் பார்த்து ஆசிரியர், "இந்தக் கழுத்துல புள்ளை தலை எப்படிப்பா நுழையும்?" என்று மட்டும் கேட்டார். பஸ் கொடுவாய் ஊரைத் தாண்டும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அக்கா மகனின் தலையை டேப் வைத்து அளந்ததும் திட்டு நின்றது.

ஆனால் அடம்பிடிக்கிறவர் வேறு, ஏய்க்கிறவர் வேறு. துணி வெட்டிய பிறகு பிரிண்டை மாற்றச் சொல்லி, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் மாற்றாதவர்கள் உண்டு. அந்த மாற்றத்துக்கு ராத்திரி ஷிப்ட் பார்ப்பது தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அங்கே பணிவு காட்டாதீர்கள். எத்தனை நாள் கூடும், செலவு யார் கணக்கு என்று அன்றே மெயில் போடுங்கள். போனில் "ஓகே" என்றாலும், "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி இரண்டு வரி அனுப்புங்கள். பையர் கையெழுத்திட்ட சேம்பிள் ஒன்றைப் பீரோவில் பூட்டி வையுங்கள். சரக்கு கப்பலேறிய பிறகும் தேவைப்படும்.

வாழ்த்துகள். மேடைக்கு வாருங்கள், பட்டம் தருகிறோம்.