மேகம் விலகக் காத்திருந்தோம்

நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது கோடைக்காலம் நடக்கிற ஓர் ஊருக்கு இன்று உங்களை அழைத்துப் போகிறேன். தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், அர்ஜென்டினாவின் படகோனியாப் பகுதியில் இருக்கிறது எல் சால்ட்டென். அங்கே நண்பகலில் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். வெயிலை வைத்துத் திசை பார்த்துப் பழகிய நமக்கு முதல் நாள் முழுக்கத் தடுமாற்றம்தான். டிசம்பரில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

அந்த ஊருக்கு ரயில் கிடையாது, விமானமும் கிடையாது. எல் கலாஃபேட்டே நகரில் இறங்கி, ஏறத்தாழ 215 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். வழியெல்லாம் பொட்டல் காடு. ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவானாக்கோக்கள் எப்போதாவது வேலியோரம் நின்று பார்க்கும். கடைசியில் இடதுபுறம் வியட்மா ஏரி வரும். பனியாறு அரைத்த கல்மாவு கலந்திருப்பதால் அதன் தண்ணீர் பால் கலந்த நீல நிறம். எங்கள் பேருந்தில் பிரேசில் மாணவர்கள், ஒரு பிரெஞ்சுச் செவிலியர், ஓய்வு பெற்ற ஜெர்மானியத் தம்பதி என்று எல்லாரும் முதுகுப்பைக்காரர்கள். ஊருக்கு மேலே நிற்கும் பிட்ஸ் ராய் மலை தெரிகிறதா என்று முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரிந்தது மேகம் மட்டும்.

எல் சால்ட்டென் தானாக வளர்ந்த ஊர் அல்ல. 1985-ல் அரசு குடியேற்றிய ஊர். பக்கத்தில் இருக்கும் லாகோ டெல் டெசியர்டோ என்ற ஏரி யாருக்குச் சொந்தம் என்று சிலி நாட்டோடு நெடுநாள் வழக்கு. ஆள் குடியிருந்தால்தானே நிலத்தில் உரிமை பேச முடியும்? 1994-ல் நடுவர் மன்றம் ஏரியை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது. மலைக்குப் பின்னாலுள்ள பனிவெளியின் ஒரு பகுதியில் எல்லைக்கோடு இன்னும் முழுதாக வரையப்படவில்லை. எல்லை காக்க உண்டாக்கிய அந்த ஊருக்கு இன்று சோறு போடுவது நடந்து மலை பார்க்க வருகிறவர்கள்.

நாங்கள் தங்கிய விடுதியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. வெளியே காற்று தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. படகோனியாவில் கோடையில்தான் காற்று கடுமை. அந்த அறையில்தான் மாட்டே என்ற இலைப்பானம் குடிக்கக் கற்றுக்கொண்டேன். சின்னச் சுரைக்குடுக்கையில் முக்கால்வாசி உலர்ந்த இலைத்தூள், அதில் ஓர் உலோக உறிஞ்சுகுழல். ஊற்றித் தருபவர் ஒருவர்தான். முதல் குடுக்கையை அவரே குடித்து முடித்து, மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் நீட்டுவார். அவர் குடித்துத் திருப்பித் தந்ததும் அடுத்தவருக்கு. குழல் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. அண்ணாந்து குடித்து வளர்ந்த எனக்கு எச்சில் என்ற எண்ணம் தொண்டையில் நின்றது. ஆனாலும் வாங்கினேன். நல்ல கசப்பு. இரண்டாவது சுற்று வந்தபோது கூச்சம் போய்விட்டது. மறுநாள் என் பங்குக்கு ரசப்பொடி போட்டு ரசம் வைத்தேன். குளிரில் விறைத்து வந்த மாணவர்கள் அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார்கள்.

நாள் போயும் மலையை மூடிய மேகம் விலகவில்லை. ஏன்? மலைக்கு மேற்கே மிகப்பெரிய பனிவெளி. அதற்கும் அப்பால் பசிபிக் பெருங்கடல். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று செங்குத்தான கருங்கல் சுவரில் மோதி மேலெழுந்து மேகமாகிறது. பிட்ஸ் ராய் சிகரத்தின் உயரம் 3,405 மீட்டர்தான். இமயத்தோடு ஒப்பிட்டால் சிறுசு. ஆனால் அந்தச் சுவரும் வானிலையும் சேர்ந்து அதை உலகின் கடினமான சிகரங்களில் ஒன்றாக்கியிருக்கின்றன. 1952-ல் பிரான்ஸின் லியோனெல் டெரேயும் கீடோ மன்யோனும் முதன்முதலாக அதில் ஏறினார்கள். அதே குழுவின் ஜாக் புவான்ஸ்னோ மலையைத் தொடுவதற்கு முன்பே ஆற்றைக் கடக்கும்போது உயிரிழந்தார். நடைபாதையில் உள்ள ஒரு முகாமுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊரின் பிரதான சாலை முடிகிற இடத்திலேயே நடைபாதை தொடங்கிவிடுகிறது. வானம் தெளிந்த அன்று, பேருந்தில் வந்த அதே கூட்டமாகப் புறப்பட்டோம். லகூனா டி லோஸ் ட்ரெஸ் ஏரிக்கு ஒரு வழி மட்டும் சுமார் 10 கிலோமீட்டர். லெங்கா மரக்காட்டுக்குள் செந்தலை மரங்கொத்தி டக்டக்கென்று கொத்திக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் போயும் அது பறக்கவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற்றம், காலடியில் நழுவும் சரளைக்கல். ஜெர்மானிய அம்மாவுக்கு மூட்டுவலி. பிரேசில் பையன்கள் அவர் பையை மாறி மாறிச் சுமந்தார்கள், செவிலியர் தன் ஊன்றுகோலைக் கொடுத்தார். மேலே ஏறி நின்றால் ஏரி, அதற்கு மேல் பனியாறு, அதற்கும் மேல் பிளந்து நிற்கும் செங்குத்துக் கோபுரங்கள். இத்தனை நாள் மேகம் மூடியிருந்த மலை அப்போது முழுசாக நின்றது. பையன்கள் கத்தினார்கள், அந்த அம்மா அழுதார்.

காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாக்கள் எல் கலாஃபேட்டேயிலிருந்து உண்டு. அதில் போகாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மலையும் தெரியாமல் போகலாம், மனிதர்களும் பழகக் கிடைக்க மாட்டார்கள். நான்கைந்து நாளாவது தங்குங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம், குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடிவிடும். காற்று புகாத மேற்சட்டை கட்டாயம் வேண்டும். நடைபாதைகள் உள்ள தேசியப் பூங்காவுக்குள் எங்கும் தீ மூட்டக் கூடாது. கொண்டுபோகும் குப்பையை நீங்களே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.