ஊழியரின் உள்ளம் வெல்வோம்



"கேட்ட சம்பளம் கொடுக்கிறேன், ஆயினும் ஒருவரும் நிலைப்பதில்லை" என்பது கடை முதலாளிகள் பலரின் புலம்பல். "எவ்வளவு உழைத்தாலும் ஏச்சுத்தான் மிச்சம்" என்பது ஊழியர்களின் குமுறல். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று சிந்தித்தீர்களா?

தன் உணர்ச்சியை அறிந்து ஆள்வதும், பிறர் உணர்ச்சியை அறிந்து நடப்பதும் ஓர் அறிவே என்று 1990-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் எழுதினர். ஊழியர் ஓரிடத்தில் நிலைத்திருப்பது விருப்பத்தால், கடமையுணர்வால், அல்லது விலகினால் இழப்பு நேருமே என்ற அச்சத்தால் என்று 1991-இல் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் வகுத்துரைத்தனர். அச்சத்தால் நிற்பவர் வேறு வழி திறந்ததும் போய்விடுவார். விருப்பத்தால் நிற்பவரே நம் இல்லாமையிலும் நம் பொருளைக் காப்பார்.

அந்த விருப்பம் எவ்வாறு பிறக்கிறது? அனஸ் (ரலி) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராகப் பணிக்குச் சேர்ந்தார். பத்தாண்டுகளில் ஒருமுறைகூட அண்ணலார் தம்மை நோக்கிச் "சீ" என்று சொன்னதில்லை என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், கடைத்தெருவில் விளையாடும் சிறுவர்களிடம் நின்றுவிட்டார். பின்னால் வந்த நபியவர்கள் அவருடைய பிடரியைப் பற்றினார்கள்; திரும்பிப் பார்த்தால் அம்முகத்தில் சிரிப்பு! செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என்றே கேட்டார்கள். வேலையும் நினைவூட்டப்பட்டது, உள்ளமும் உடையவில்லை.

வாடிக்கையாளர் முன்னிலையில் ஊழியரைத் திட்டும் சகோதரரே, உங்கள் மகனை அங்கே நிறுத்திப் பாருங்கள்! உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளருக்கும் அதில் பங்கு கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரல்லவா என்று காரணமும் கூறினார்கள். பிறர் நிலையை உணர்வது என்பது இதுதான்.

எனினும் இனிய சொல் கூலிக்கு ஈடாகாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. சம்பளத்தை இழுத்தடித்துவிட்டுப் புன்னகைப்பது ஏமாற்றே ஆகும்.

ஊழியர்களே! உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நேரமும் பொருளும் அமானிதம். முதலாளியின் கடுமை அதில் குறைவைக்க உங்களுக்கு உரிமை தராது. மனக்குறையை மறைவில் புறம்பேசாமல், தக்க நேரத்தில் நேரில் பணிவோடு சொல்லுங்கள்.

கோபத்தை அடக்கும் வலிமையையும், பிறர் உள்ளம் அறியும் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.