முற்றிய கதிர்



நம் கொங்குச் சீமையில் சோளக்கதிர் முற்ற முற்றத் தலை சாயும். ஞான முதிர்ச்சிக்கும் அதுவே அடையாளம்.

நம் முன்னோர் ‘சர்வேசுரன்’, ‘இஸ்பிரீத்துசாந்து’ என்று செபித்தார்கள். அடுத்த தெருவில் பிரிந்த சபைச் சகோதரர்கள் ‘தேவன்’, ‘பரிசுத்த ஆவி’ என்றார்கள். ஆண்டவர் ஒருவரே, சேர்ந்து செபிக்கத்தான் ஒரு மொழி இல்லை. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கு வழி திறந்தது. 1995-ல் இரு தரப்பாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வெளிவந்தது. அதில் ‘கடவுள்’, ‘தூய ஆவி’ என்று வாசிக்கிறோம். விசுவாசத்தில் ஒன்றும் குறையவில்லை; பழகிய சொற்களை மட்டும் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள்.

சொல்லை விட்டோம், வீம்பை விட்டோமா? வேறு சபையில் வாழ்க்கைப்பட்ட மகளின் வாசலை மிதியாத தகப்பன்மார் நம்மிடையே இன்னும் உண்டு. பேரக்குழந்தையின் முகம் பாராமலே நற்கருணை வாங்க வருகிறார்கள். சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வந்து காணிக்கை செலுத்தச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா?

கோவிலுக்கு வயதாகிவிட்டது, நாமும் வளர வேண்டாமா? யூபிலித் திருப்பலிக்கு முன்பு, தகப்பனாரே, நீங்களே முதலில் அந்தப் படியேறுங்கள். மகளையும் மருமகனையும் விழாவுக்கு அழைத்து வாருங்கள். இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.