வெற்று உறுப்புகளும் ஒரு சாய்கோடும்

கணிப்பொறி தன் நினைவில் கிளையும் இலையுமாக மரம்போல் வைத்திருக்கும் ஆவணத்தை எழுத்து வரிசையாக வெளியிடும் நிரலுக்கு வரிசையாக்கி என்று பெயர். உள்ளே ஒன்றுமில்லாத உறுப்பை அது எவ்விதம் எழுதவேண்டும் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். ஒன்றுமில்லாததற்கு ஒரு பேச்சா என்று நேயர்கள் நகைக்கலாம். ஆயினும், டில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு தமிழ்ச் செய்தியைத் திரையில் தேடும் நமக்கு, அந்த ஒன்றுமின்மையே முழுப் பக்கத்தையும் மறைத்துவிடக் கூடும்.

1998ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற எக்ஸ்எம்எல் மொழியில் இத்தொல்லை இல்லை. திறக்கும் குறியை அடுத்து உடனே மூடும் குறியை எழுதலாம்; அல்லது ஒரே குறியின் இறுதியில் சாய்கோடிட்டு முடிக்கலாம். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. வலைப்பக்கங்களுக்குரிய எச்டிஎம்எல்லின் நியதி வேறு. வரிமுறிவு, படம் முதலிய சில உறுப்புகளே அங்கு என்றும் வெறுமையானவை. அவற்றுக்கு மூடும் குறி கூடாது. அம்மொழியின் ஏனைய உறுப்புகளில் இடும் சாய்கோட்டை உலாவி பொருட்படுத்துவதே இல்லை.

தலைப்பிடாத ஓர் அறிவிப்பை எண்ணிப் பார்ப்போம். தலைப்பு உறுப்பு வெறுமையாயிருப்பதால், எக்ஸ்எம்எல் முறையில் பழகிய நிரல் சிக்கனமாகச் சாய்கோடிட்டு நகர்ந்துவிடுகிறது. உலாவியோ, தலைப்பு இன்னும் மூடப்படவில்லை என்று கொண்டு, பின்வருவன அனைத்தையும் தலைப்பாகவே விழுங்குகிறது. கூட்டம் நடக்கும் இடம், நாள், நேரம் யாவும் கோப்பில் இருக்கின்றன. பக்கத்தில் ஓர் எழுத்தும் தெரிவதில்லை. விண்ணப்பப் படிவத்தின் எழுதுபெட்டி இவ்வாறு முடிக்கப்பட்டால் இன்னும் வேடிக்கை. படிவத்தின் எஞ்சிய பகுதி, அனுப்பும் பொத்தான் உட்பட, பெட்டிக்குள் வெறும் எழுத்தாய்ப் போய் விழுந்துவிடும்!

சரி, எல்லாவற்றையும் இரட்டைக் குறியாலேயே எழுதிவிட்டால் என்ன? வரிமுறிவின் மூடும் குறியை உலாவி மற்றொரு வரிமுறிவாகக் கொள்ளும். செய்யுளின் அடிகளுக்கிடையே வெற்றுவரிகள் தோன்றும்.

ஆதலின், எது சுருக்கம் என்று நிரல் பார்ப்பது தகாது. படிக்கப்போவது யார் என்று பார்த்தலே முறை என்பது நம் கருத்து. எச்டிஎம்எல்லாக வெளியிடுமாயின் உறுப்பின் பெயரைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். உள்ளடக்கம் இல்லை என்பதை மட்டும் கொண்டன்று. 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி மொழியில் வெளியீட்டு முறை எக்ஸ்எம்எல்லா எச்டிஎம்எல்லா என்று குறிப்பிட இடமுண்டு. அதைக் குறிப்பிடச் சோம்பல் கொள்ளலாகாது. மின்கையொப்பம் பெறும் எக்ஸ்எம்எல் ஆவணங்களிலோ ஒரே பொருளுக்கு இரு வடிவம் இருக்கவொண்ணாது. ஓர் எழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது. அத்தகையவற்றிற்கு உதவும்படி 2001இல் வெளியான நெறி, வெற்று உறுப்புகள் அனைத்திற்கும் இரட்டைக் குறியையே விதித்துள்ளது.