வேலூருக்குத் திரும்பி வந்த படிப்பு



1954-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் சிக்கினார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தன. அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கிடம் அந்த மருத்துவம் பயின்றார். படித்த படிப்போடு ஊர் திரும்பினார். சிஎம்சியில் அதற்கென்று ஒரு துறையை வளர்த்தார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் எழுந்தது.

நியூயார்க்கில் லிஃப்ட் உண்டு, வழுவழுப்பான தரை உண்டு. வேலூரில் பயிற்சி முடித்துப் போகிறவர் வீட்டிலோ உயரமான வாசற்படி, தரையில் அடுப்பு, தெருவில் மேடுபள்ளம். தரையிலிருந்து வீல்சேருக்கு ஏறுவதைக் கற்றுத்தராத பயிற்சி அவருக்கு எதற்கு?

ஜெய்ப்பூரிலும் இதே கேள்விதான். வெளிநாட்டு மாதிரி செயற்கைக் கால் ஷூ இல்லாமல் நடக்க உதவவில்லை. குந்தி உட்காரவும் விடவில்லை. எடின்பரோவில் அறுவை சிகிச்சைக்கான எஃப்ஆர்சிஎஸ் பட்டம் பெற்ற டாக்டர் பி.கே. சேத்தி, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திரரோடு சேர்ந்து 1968-ல் ரப்பர் பாதம் செய்தார். அந்தக் காலோடு வயலில் இறங்கலாம். படித்தவர் கைத்தொழிலாளியின் யோசனைக்குக் காது கொடுத்ததே அங்கு நடந்த பெரிய காரியம்.

இன்று இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் தொடர்பயிற்சிக்குப் போகிறார்கள், பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்கிறார்கள். நல்லது. ஆனால் கற்றது வார்டுக்குள் வருகிறதா?

ஓர் எடுத்துக்காட்டு: முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு உட்காருமிடத்தில் வலி தெரியாது. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி பிடித்து, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் போன ஒருவர் இதைக் கற்று வந்தால் போதாது. இரவுப்பணி நர்ஸுக்கும் ஆயாவுக்கும் கூடவே இருக்கும் மனைவிக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் படுக்கைப்புண் வரும். அது சீழ்பிடித்தால் உயிரையே கேட்கும்.

துறைத்தலைவர்களும் நிர்வாகிகளும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பயிற்சி முடித்து வருபவரை மறுநாளே நோயாளிகளின் நீண்ட வரிசையின் முன்னால் உட்காரவைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் சக ஊழியர்களுக்குச் செய்துகாட்ட விடுங்கள். மாதம் ஒருமுறையாவது, டிஸ்சார்ஜ் ஆன ஒருவரின் வீட்டுக்கே போய்ப் பார்க்க அனுப்புங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டியையும் அவருக்கு ஒதுக்குங்கள்.